டிவியை அப்புறம் வாங்கலாம்... கல்யாண கேசட் காத்திருக்காது!

‘கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்ல மாடல் வந்துவிடுமே!’ தி.நகர் உஸ்மான் ரோட்டில் டிவி பார்க்கப் போகும் குடும்பங்களில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

பொறுத்தவர்களுக்கு லாபமும் உண்டு. 2006-ல் ஹெச்டி டிவிடி, ப்ளூ-ரே என இரண்டு வகை டிஸ்க்குகள் மோதின. 2008 பிப்ரவரியில் தோஷிபா ஒதுங்கிக்கொள்ள, அவசரப்பட்டு ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆனதும் 2025 செப்டம்பர் 22-ல்தான்.

ஆனால், பொறுத்தால் நஷ்டமாகும் பொருள் ஒன்று மயிலாப்பூர், அடையாறு வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. 80, 90-களின் கல்யாண வி.ஹெச்.எஸ். கேசட்!

அது காந்தத் துகள் பூசிய நாடா. வருஷம் ஏற ஏற பதிவு மங்கும். கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். போட்டுப் பார்க்க வி.சி.ஆரும் அரிது. கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

என்ன செய்யலாம்?

* வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால், கேசட்டை வி.சி.ஆரில் போட வேண்டாம். நாடா அறுந்துபோகலாம், ஹெட்டும் கெடும்.

* டிஜிட்டலுக்கு மாற்றித் தரும் ஸ்டூடியோவில், டிவிடியாக மட்டும் வாங்காமல் எம்பி4 ஃபைலாகவும் கேட்டு வாங்குங்கள்.

* ஒரு காப்பி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். இன்னொன்று வெளியூர் உறவினரிடம்.

* மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

8கே டிவி அடுத்த தீபாவளிக்கு இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். நாடாவில் அழிந்துபோன தாத்தாவின் குரலை எந்த டிவியாலும் மீட்டுத் தர முடியாது.