பழைய உதிரிப்பாகமும் தூய தேட்டமும்

 

பழவேற்காட்டு ஏரியின் இறாலையும் நண்டையும் சுமை ஆட்டோவில் ஏற்றி, மீஞ்சூருக்குக் கொணர்ந்து விற்றுப் பிழைக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் ஓதிய மாணவராவார். அண்மையில் அவருடைய வண்டியின் கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது. புதியது வாங்க வசதியில்லை. வட்டிக்குக் கடன்படவும் மனமில்லை. மனைவியின் காதுத் தோட்டை விற்ற பணத்துடன் வந்து, "ஹஜ்ரத், புதுப்பேட்டைக்குப் போகிறேன். நீங்களும் கூட வாருங்கள்" என்று அழைத்தார்.

சென்னை எழும்பூரை அடுத்து, கூவம் ஆற்றின் அருகே அமைந்ததே புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து, உதிரிப்பாகங்களை விற்கும் கடைகள் அங்கே நிறைந்துள்ளன. அமெரிக்கா போன்ற நாடுகளில், வாங்குவோரே கருவிகளுடன் சென்று, வரிசையாக நிற்கும் பழைய வண்டிகளிலிருந்து வேண்டியதைக் கழற்றிக்கொள்ளும் கிடங்குகள் உண்டு. நம்மூரிலோ கழற்றிக் குவித்ததில் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்காயினும் ஆயத்தமின்றிச் செல்பவர் ஏமாறவே நேரும்.

எங்கள் ஊர் மெக்கானிக் உரைத்தவற்றைச் சுருக்கித் தருகிறேன். உடைந்த பாகத்தையே மாதிரியாகக் கையில் கொண்டு செல்க. ஒரே வகை வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பற்சக்கரம் மாறக்கூடும். ஆதலால் பற்களை எண்ணிக் குறித்துக்கொள்க. வண்டியின் பதிவுச் சான்று நகல், டார்ச் விளக்கு, துணி ஆகியவை உடனிருக்கட்டும். கியர் ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் பற்கள் தேய்ந்துள்ளன என்று அறிக. தண்டை ஆட்டிப் பார்த்து, வெளிக்கூட்டில் விரிசலோ வெல்டிங் தழும்போ உண்டா என்று நோக்குக. பிரேக் உறுப்புகளையும் டயரையும் பழையதாக வாங்காதீர். அவை உயிர் காப்பவை. வெள்ளிக்கிழமையையும் தவிர்ப்பது நன்று. ஜும்ஆவுக்கு நேரமாகும் அவசரத்தில் பேரம் பிழைபடும்.

சுபுஹ் தொழுதுவிட்டு மீஞ்சூரில் மின்ரயில் ஏறினோம். ஒரு கடையில் என்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்தே, பிறர் கியர் பாக்ஸுக்கு மட்டும் சொன்ன விலையைக் காட்டிலும் குறைவாகக் கிடைத்தன. இளைஞரின் முகம் மலர்ந்தது. துணியால் துடைத்து விளக்கடித்துப் பார்த்தால், என்ஜின் எண் இருக்க வேண்டிய இடம் ராவப்பட்டிருந்தது! ரசீது கேட்டோம், இல்லை என்றார்கள்.

இளைஞர் என்னை ஏறிட்டு நோக்கினார். ஒவ்வொரு நாளும் வருமானம் தவறுகிறது. வீட்டிலோ இரு குழந்தைகள். "தெரியாமல் வாங்கினால் குற்றமாகுமா, ஹஜ்ரத்?" என்றார். "தெரியாமல் வாங்கினால்தானே! நாம்தான் கண்டுவிட்டோமே" என்றேன். திருட்டுப் பொருள் என நம்பக் காரணமிருந்தும் வாங்குதல் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. சட்டம் அறியாது போயினும், அந்த வண்டியில் வரும் ஒவ்வொரு கவளத்தையும் இறைவன் அறிவானன்றோ?

அன்று வெறுங்கையுடன் திரும்பினோம். மறுமுறை சென்றபோது, வேறொரு வணிகர் கியர் பாக்ஸைக் காட்டி, "கூட்டில் இங்கே சிறு பள்ளம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தாமே சுட்டிக்காட்டி, விலையும் குறைத்து, ரசீதும் தந்தார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரை வினவிய வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அவ்வணிகரிடம் அந்நெறியின் ஒளியைக் கண்டேன். மறைக்கப்பட்ட குறையைக் கண்டால் பொருளைத் திருப்பித்தரும் உரிமையையும் நம் ஃபிக்ஹு நூல்கள் வாங்கியவர்க்கு அளிக்கின்றன.

விற்பவர்க்கும் ஒரு கடமையுண்டு. ஓடவியலாதவாறு பழுதுற்ற வண்டியைப் பிரிக்கக் கொடுப்போர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் நம் வண்டியின் எண் பிறர் குற்றத்துக்குக் கருவியாகலாம்.

இளைஞரின் வண்டி இப்போது ஓடுகிறது. பத்து நாள் வருமானம் போயிற்று. தோடும் இன்னும் மீளவில்லை. எனினும் அவர் மனைவி, "பிள்ளைகளுக்கு ஹலாலைத்தான் ஊட்டுகிறேன், அது போதும்" என்றாராம். அத்தகைய மனநிறைவை வல்ல இறைவன் நம் இல்லங்கள் அனைத்திற்கும் அருள்வானாக! ஆமீன்.