தெர்மாகோல் என்றொரு பாடகி

புது டி.வி. வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் நான்கு மூலையிலும் வெள்ளை வெளேரென்று முட்டுக் கொடுத்திருக்குமே தெர்மாகோல், அதன் ரசாயனப் பெயர் பாலிஸ்டைரீன். 1976இல் லண்டனில் 19 வயதுப் பெண் ஒருவர் டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டி இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தனக்குச் சூட்டிக்கொண்டார். பாலி ஸ்டைரீன். பாப் இசை நட்சத்திரம் என்பது உபயோகித்துவிட்டுத் தூக்கியெறியும் லேசான பிளாஸ்டிக் சாமான்தானே என்கிற கிண்டல் அதில் இருந்தது. தன் விஷயத்திலும் அது கிட்டத்தட்ட உண்மையாகப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நிஜப் பெயர் மேரியன் எலியட்-சயீத். தந்தை சோமாலியாவிலிருந்து வந்தவர், தாய் வெள்ளைக்காரப் பெண்மணி. வளர்ந்தது லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில். பத்தொன்பதாவது பிறந்தநாளன்று ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் கச்சேரியைக் கேட்டார். இவர்களே மேடையேறலாம் என்றால் நான் ஏன் கூடாது என்று தோன்ற, 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழு பிறந்தது. பங்க் ராக்கின் வெள்ளைக்காரப் பையன்களுக்கு நடுவே மாநிறம், பல்லில் கிளிப், கண்ணைப் பறிக்கும் பச்சை மஞ்சள் உடை, காதைக் கிழிக்கும் குரல். 1977இல் வந்த முதல் பாட்டு 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்' பெண்ணைப் பூட்டி வைக்கும் எல்லாவற்றையும் நோக்கிப் போட்ட கூச்சல். 1978இல் வந்த 'ஜெர்ம்ஃப்ரீ அடாலசென்ட்ஸ்' ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 30ஆம் இடம்வரை ஏறியது. என்னைக் கவர்ச்சிப் பொம்மையாக்கினால் மொட்டையடித்துக்கொள்வேன் என்று சொல்லிவந்தவர், அதே வருடம் லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த நிறவெறி எதிர்ப்புக் கச்சேரியில் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நிஜமாகவே மொட்டை.

இந்தக் கதைகளை எல்லாரும் சொல்வார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பின்னால் வந்தது.

தொடர்ந்த பயணங்களும் கூட்டமும் அவர் மனதைக் குலைத்தன. டான்காஸ்டர் நகரில் ஒரு கச்சேரிக்குப் பிறகு வானத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒளிர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். டாக்டர்கள் ஸ்கிட்சோஃப்ரீனியா என்றார்கள். அது தப்பு, பைபோலார் என்னும் மனநோய் என்று தெரிந்தது 1991இல்தான். 1979இல் குழு கலைந்தது. அதன்பின் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த அவரது முதல் தனி ஆல்பம் 'ட்ரான்ஸ்லூசன்ஸ்'.

கூச்சலை எதிர்பார்த்து வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். மெல்லிய குரல், ஜாஸ் சாயல், அவசரமே இல்லாத மெட்டுகள். அடிதடி நாயகன் படத்தில் சண்டையே இல்லை என்றால் நம்மூர் ரசிகர்கள் தியேட்டர் சீட்டைக் கிழிப்பார்கள். லண்டன் ரசிகர்கள் நாகரிகமாகக் கடையில் வாங்காமல் விட்டுவிட்டார்கள். ஆல்பம் விற்கவில்லை. பாலி மாறிவிட்டார் என்றார்கள். உண்மையில் பங்க் வருவதற்கு முன்பே, 1976இல், மேரி எலியட் என்ற பெயரில் 'ஸில்லி பில்லி' என்று ஒரு ரெகே பாட்டு வெளியிட்டிருந்தவர்தான் அவர். மென்மை அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டதல்ல. சில வருடம் கழித்து 'எவ்ரிதிங் பட் தி கேர்ள்' போன்ற குழுக்கள் இதே நிதானத்தோடு பாடி நல்ல பெயர் வாங்கியபோது, வழி போட்டது 'ட்ரான்ஸ்லூசன்ஸ்' என்று எழுதினார்கள். இப்படிப்பட்ட பாராட்டுகள் எப்போதும் ராயல்டி நின்றுபோன பிறகே வருகின்றன.

அதற்குப்பின் அவர் போன இடம் நமக்கு அந்நியமல்ல. லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டு அருகில் பக்திவேதாந்தா மேனர், பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்கு வாங்கிக் கொடுத்த மாளிகை. மேற்கத்திய பாடகர்கள் ருத்ராட்சமும் சிதாரும் வாங்கிக்கொண்டு இரண்டே வருடத்தில் தெளிந்துவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதிலும் சந்தேகம் வருவது இயல்பு. பாலி அந்த ரகமில்லை. கைக்குழந்தை வயது தாண்டிய மகளோடு அங்கே போய் வாழ்ந்தார், கடைசிவரை பக்தையாகவே இருந்தார். நாம ஜெபம் நோயைத் தீர்க்கவில்லை என்பதும் உண்மை. மகள் செலஸ்ட் பாட்டியிடம் வளர நேர்ந்தது. 1995இல் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் பெயரில் இன்னொரு ஆல்பம் போட்டார். பழைய சாக்ஸஃபோன் தோழி லோரா லாஜிக்கும் சேர்ந்தார். அவரும் கிருஷ்ண பக்தை. இந்த முறை குறுக்கே வந்தது ஒரு தீயணைப்பு வண்டி. அது மோதி அடிபட்டதில் கச்சேரிகள் நின்றன.

2008இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் பழைய பாட்டுகளைப் பாடியபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்தத் தெம்பில் வேலை தொடங்கியதுதான் 'ஜெனரேஷன் இண்டிகோ'. தயாரிப்பாளர், 'கில்லிங் ஜோக்' குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த யூத். கம்ப்யூட்டர் தாளம், ரெகே, பாப் எல்லாம் கலந்த விருந்து. பாட்டுகளில் இன்டர்நெட் காதலன் வருகிறான், தோல் செருப்பு போடாதவனின் கேன்வாஸ் ஷூவுக்குப் பாராட்டு வருகிறது, ஒரு பாட்டின் தலைப்பிலேயே பருவமழை பெய்கிறது. அத்தனை பாட்டும் தேறும் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் தாளம் அவர் குரலை மூடிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஐம்பது தாண்டிய அந்தக் குரலில் சின்னப் பெண்ணின் குறும்பு இன்னும் இருக்கிறது. 1977இல் கத்தியதும் எண்பதுகளில் முணுமுணுத்ததும் ஒரே ஆள்தான் என்பது இங்கேதான் காதுக்குப் புரிகிறது.

ஆல்பம் முடிகிற வேளையில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் அது முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. நோயில் விழுந்த நிலையிலும் பேட்டிகள் கொடுத்தார். 2011 மார்ச் 28 அன்று ஆல்பம் வெளிவந்தது. பத்திரிகைகள் இந்த முறை அன்பாகவே எழுதின. ஏப்ரல் 25 அன்று 53 வயதில் இறந்துபோனார். நான்கே வாரத்தில் விமரிசனம் எழுதிய பேனாக்களே இரங்கல் எழுத வேண்டியதாயிற்று. இரங்கலில் முதலிடம் மறுபடியும் 1977இன் கூச்சலுக்குத்தான்.

செலஸ்ட் பெல் 2019இல் அம்மாவைப் பற்றிய புத்தகம் ஒன்றை இணைந்து எழுதினார். 2021இல் பால் ஸங்குடன் சேர்ந்து 'பாலி ஸ்டைரீன்: ஐ ஆம் எ கிளிஷே' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். உங்கள் அம்மா நல்ல தாயாக இருந்தாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்று படத்தின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அதைப் பார்ப்பதற்கு முன் 'பிளாக் கிறிஸ்துமஸ்' பாட்டைத் தேடிக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் வந்த ஒருவன் லாஸ் ஏஞ்சலீஸ் அருகே பலரைக் கொன்ற செய்தியிலிருந்து பிறந்த பாட்டு. 2010இல் வந்தது. தாயும் மகளும் சேர்ந்து செய்தது.