வரி நின்ற நிலம்

சொத்துவரியைத் தொடர்ந்து செலுத்தாதவரின் நிலம் அரசுடைமையாகிவிடும் என்பது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சட்டம். கவுண்டி எனப்படும் வட்டார நிருவாகம் அந்நிலத்தைப் பேணும். பூங்கா, சாலை முதலிய பொதுத் தேவைக்கு நகராட்சி கேட்டால், ஏலம் விடாமலே அதற்கு விற்கவும் சட்டம் இடந்தருகிறது. புதர் மண்டிக் கிடக்கும் மனையைச் சிறு நகரம் ஒன்று இவ்வாறு வாங்குவது நல்ல முடிவே. ஏலத்தில் எடுப்பவர், விலையேறும் நாள்வரை அதனை வேலியிட்டுப் போட்டுவைக்கவும் கூடும்.

ஆயினும் அந்நிலம் வானத்திலிருந்து விழுந்ததன்று. நேற்றுவரை ஒருவருடைய உடைமை. அதே மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் மூதாட்டி ஒருவரின் அடுக்கக வீடு, வட்டியும் தண்டமும் சேர்ந்த ஏறத்தாழ 15,000 டாலர் வரிப்பாக்கிக்காகக் கைப்பற்றப்பட்டு, 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மீதித் தொகையையும் கவுண்டி தானே வைத்துக்கொண்டது. அது அரசமைப்புக்கு முரணானது என 2023 மே மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94.

நகராட்சிக்கு மலிவாகக் கொடுக்கும் நிலத்திலும் இதே சிக்கல் உண்டு. விலை குறைந்தால் உரியவருக்கு மிச்சம் ஏது? ஊரார் அனைவரும் உலவப்போகும் பூங்காவுக்கு, வரி கட்ட இயலாத ஒருவர் மட்டும் விலை கொடுப்பது எவ்வாறு பொருந்தும்? சிறு நகரத்தின் கையிருப்பு குறைவுதான். இரண்டு மனை வாங்க எண்ணிய இடத்தில் ஒன்றை வாங்கலாம். நேரிய மதிப்பைக் கணித்து, பாக்கியைக் கழித்து, எஞ்சியதை உரியவரிடம் சேர்த்த பின்னரே அங்கு முதல் மரக்கன்றை நடவேண்டும்.