இருசக்கர வண்டிக்கு இடம் இருந்தால்தான் கடைவீதிக்கு வாழ்வு

நாட்டுக்கே இருசக்கர வண்டி செய்து அனுப்பும் மாவட்டம் நம்முடையது. 1980-ஆம் ஆண்டு ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையிலிருந்துதான் இருவர் அமர்ந்து செல்லும் மொபெட் முதன்முதலில் வெளிவந்தது. இன்று ஓசூரில் ஏத்தர், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி, போச்சம்பள்ளியில் ஓலா என மின்சார ஸ்கூட்டர் ஆலைகளும் வந்துவிட்டன. ஆனால் இங்கே செய்த வண்டியை இங்குள்ள ஒரு கடை முன்னால் பத்து நிமிடம் நிறுத்திச் சரக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டுமானால், வாடிக்கையாளர் வீதியை மூன்று முறை சுற்றி வர வேண்டியிருக்கிறது. இந்த நிலையை வணிகர்களாகிய நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நம் கடைவீதிகளுக்கு வருகிறவர்கள் யார்? தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருசக்கர வண்டிகள்தான். நம் பகுதியில் அவற்றில் வருகிறவர்கள் ஆலைத் தொழிலாளிகள், பூவும் காய்கறியும் விளைவிக்கும் விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், நர்சுகள், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமிருந்து வரும் குடும்பத்தார். நேதாஜி ரோட்டிலும் எம்.ஜி. ரோட்டிலும் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், நம் கல்லாவை நிரப்புகிறவர் எதில் வந்து இறங்குகிறார் என்பது தெரியும்.

மொத்த வியாபாரிகளுக்கு இது இன்னும் முக்கியமான விஷயம். தளி, கெலமங்கலம், பாகலூர், பேரிகை, ராயக்கோட்டை, அஞ்செட்டி என்று சுற்றுவட்டார ஊர்களில் மளிகைக்கடையும் பெட்டிக்கடையும் வைத்திருக்கும் சில்லறை வியாபாரிகளில் பெரும்பாலோர் வேன் வைத்துக்கொள்ளும் வசதி இல்லாதவர்கள். ஒரு எக்ஸ்.எல். வண்டிதான் அவர்களுக்கு லாரி. கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை சர்க்கரை, பின் சீட்டில் பருப்புச் சிப்பம், பக்கத்தில் எண்ணெய் டின், கைப்பிடியில் பீடிக் கட்டுப் பை. மண்டிக்கு ஒரு நடை, எண்ணெய்க் கடைக்கு ஒரு நடை, பிஸ்கட் ஏஜென்சிக்கு ஒரு நடை என்று நான்கைந்து கடை ஏறி இறங்கித்தான் சீட்டில் உள்ள சரக்கை முடிப்பார்கள். வண்டி ஒரே இடத்தில் பத்திரமாக நின்றால்தான் இது நடக்கும். ஒவ்வொரு கடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அலைய வேண்டுமென்றால், ஊருக்கு வெளியே பெரிய மைதானம் வைத்துக் காத்திருக்கும் மொத்த விற்பனை அங்காடிக்குப் போய்விடுவார்கள். இல்லையேல் அலைபேசியில் ஆர்டர் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்படிப் போன வாடிக்கையாளர் நம்மிடம் கோபித்துக்கொண்டு போவதில்லை. சொல்லாமல் போகிறார். பேரேட்டில் அவர் பக்கம் காலியாகும்போதுதான் நமக்கே தெரிகிறது.

அபராதக் கணக்கையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தினால் முதல் தடவை ரூ.500, அடுத்த தடவை ரூ.1,500. கிராமத்துக் கடைக்காரர் எத்தனை மூட்டை சர்க்கரை விற்றால் இந்த 500 ரூபாய் லாபமாகக் கைக்கு வரும் என்பது நமக்குத் தெரியாததா? ஒரு முறை அபராதம் கட்டியவர் அந்த வீதிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். போலீசாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறுத்தலாம் என்று கோடு போட்ட இடம் இருந்தால்தானே மற்ற இடத்தில் நிறுத்தாதே என்று சொல்வதற்கு நியாயம் இருக்கும்?

இருசக்கர வண்டிக்கு ஒதுக்கிய இடம் ஒரே நாளில் பறிபோவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சாலையைச் செப்பனிட்டுத் தார் போடும்போது பழைய கோடு மறைகிறது. திரும்பப் போடுவார் இல்லை. கார் ஒன்று வந்து நிற்கிறது, அதன் பின்னால் இன்னொன்று நிற்கிறது. ஒரு மாதத்தில் அது கார் நிறுத்தும் இடமாகிவிடுகிறது. பேருந்து ஏறி எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வண்டியைக் கடைவீதியில் பூட்டிவிட்டுப் போனால் இரவுதான் எடுக்கிறார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடத்தில் கடை முதலாளியின் வண்டியும் நான்கு கடைப் பையன்களின் வண்டியும் காலை முதல் இரவு வரை நிற்கும் கடைகள் எத்தனை! அது போதாதென்று விளம்பரப் பலகை, காலி டிரம், எண்ணெய் டின் அடுக்கு. கீழ்த்தளத்தை வாகன நிறுத்தம் என்று வரைபடத்தில் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, அதைக் கோடவுனாக்கிய கட்டடங்களும் உண்டு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு மாநகராட்சியிடம் போய் இடம் கேட்டால், முதலில் உங்கள் சாமான்களை எடுங்கள் என்றுதான் பதில் வரும்.

கார்க்காரர்களுக்கு நாம் விரோதிகள் அல்லர். ஆனால் கணக்கு கணக்குதான். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். இருசக்கர வண்டிக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும். அதாவது ஒரு கார் அடைக்கும் இடத்தில் ஆறு வண்டிகள் தாராளமாக நிற்கும். காரில் வருகிறவர் மொத்தமாக வாங்குவார் என்பது உண்மையே. ஆனால் ஆறு பேர் வந்து போகும் இடத்தை ஒருவர் இரண்டு மணி நேரம் பிடித்துக்கொள்வது வீதிக்கு லாபமா என்று பார்க்க வேண்டும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வரும் காருக்கு அருகிலேயே இடம் தரலாம்; மற்றக் கார்கள் சற்றுத் தள்ளி நிற்கட்டும்.

அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பக்கத்திலுள்ள பெங்களூரைப் பார்ப்போம். சிக்பேட்டை, காந்திநகர் பகுதிகளின் நெரிசலைக் குறைக்க ஃபிரீடம் பார்க் அருகே கட்டிய அடுக்குமாடி நிறுத்தம், எடுத்து நடத்த ஆள் கிடைக்காமல் நெடுநாள் கிடந்து 2024-ல்தான் திறக்கப்பட்டது. அதில் 500-க்கு மேல் கார் நிற்கும். இருசக்கர வண்டிக்கோ 400 சொச்சம் இடம்தான். வீதியில் இருசக்கர வண்டி அதிகம், கட்டடத்தில் கார் அதிகம் என்றால் அந்தத் திட்டம் யாரை மனதில் வைத்துப் போட்டது? சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அழகான அகல நடைபாதை திறக்கப்பட்டது. தணிகாசலம் சாலையில் வாகன நிறுத்தக் கட்டடமும் எழுந்தது. அப்படியிருந்தும் நடைபாதை மேல் வண்டிகள் ஏறி நிற்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. காரணம் எளிது. பத்து நிமிட வேலைக்கு வந்தவர் மாடி ஏறி நிறுத்திவிட்டு நடந்து வர மாட்டார். கட்டடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாள் முழுதும் நிற்கும் வண்டிக்குக் கட்டடம், சரக்கு எடுக்க வந்த வண்டிக்குக் கடை ஓரம் என்று பிரிக்க வேண்டும் என்கிறோம்.

இன்னொரு பாடம் கடல் கடந்த ஊரிலிருந்து வருகிறது. லண்டன் மாநகரின் மையத்திலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நகரமன்றம் 2008-ல் மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கட்டணம் விதித்தது. அதுவரை இலவசமாக நிறுத்தியவர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் மேல்முறையீட்டிலும் நகரமன்றமே வென்றது. உத்தரவு வந்த பிறகு கூச்சலிடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போலத்தான். திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே நம் கருத்து எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

சட்டம் நமக்குக் கைகொடுக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, எந்த இடத்தில் வாகனம் நிற்கலாம் என்பதை உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்தவர்களுக்கும் தருகிறது. காலவரையின்றியும் நிர்ணயிக்கலாம், இவ்வளவு நேரம் என்றும் நிர்ணயிக்கலாம். ஆகவே ‘யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்ற வாய்வார்த்தை நமக்கு வேண்டாம். மாறுதலாகி வரும் அடுத்த அதிகாரி அதை அறிய மாட்டார். முறையான உத்தரவும் தரையில் கோடும் தூணில் பலகையும்தான் நிலைக்கும்.

எனவே ஓசூர், கிருஷ்ணகிரி வணிகர்கள் சார்பில் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. கடைவீதிகளில் இருசக்கர வண்டிக்கென்று தனி இடம் அளந்து, உத்தரவு பிறப்பித்து, கோடு போட வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் கலந்து வாழும் ஊர் இது. பலகையில் வண்டிப் படம் இருந்தால் எல்லோருக்கும் புரியும்.

2. முதல் ஒரு மணி நேரம் இலவசமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கும் வண்டிக்குக் கட்டணம் வைப்பதில் ஆட்சேபமில்லை. இடம் சுழன்றால்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

3. கட்டணம் வசூலிக்கும் குத்தகைதாரர் கட்டண விவரத்தைப் பலகையில் எழுதி வைத்து, ரசீது கொடுத்தே வாங்க வேண்டும்.

4. பெங்களூர்ப் பக்கம் வேலைக்குச் செல்வோரின் வண்டிகளுக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டி, மாத அட்டை முறையில் குறைந்த கட்டணத்தில் போதிய இடம் தர வேண்டும்.

5. சாலைப் பணி, வடிகால் பணிக்காக நிறுத்துமிடத்தை எடுத்தால், மாற்று இடம் காட்டிய பிறகே எடுக்க வேண்டும். பணி முடிந்ததும் பழைய இடம் திரும்ப வர வேண்டும்.

6. தீபாவளி, பொங்கல் நாட்களிலும் கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவத்திலும் தற்காலிக மைதானம் ஒதுக்க வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. கடைக்காரர், ஊழியர் வண்டிகளை வீதிக்குப் பின்புறம் நிறுத்த ஒவ்வொரு தெருவிலும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். லாரியிலிருந்து சரக்கு இறக்குவதைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். கடை எல்லைக்கு வெளியே ஒரு டின்கூட இருக்கக் கூடாது. நடைபாதை நடப்பவர்களுக்கே உரியது. அதில் வண்டி ஏற்றுபவரை நாமே தடுக்க வேண்டும். தெருவுக்கு இரண்டு உறுப்பினர் பொறுப்பெடுத்து, மாதம் ஒரு முறை கோடு இருக்கிறதா, பலகை இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்தால், அதிகாரியிடம் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

காலம் நமக்காகக் காத்திருக்காது. ஓசூர் 1992-ல் நகராட்சியாகவும் 2019-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, மத்திகிரி எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. 2024 ஜூனில் விமான நிலையம் அமைக்கும் அறிவிப்பும் சட்டமன்றத்தில் வந்தது. இனிச் சாலைகள் மாறும், புதுத் திட்டங்கள் வரும், பெரிய பெரிய கார்களும் வரும். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு வரைபடத்திலும் எக்ஸ்.எல். வண்டிக்காரருக்கு ஒரு மீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பு நம்முடையது. அவரால் வாழ்கிற கடைவீதி இது. அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் தீர்மானமாக நிறைவேற்றி, மாநகராட்சி ஆணையரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் போக்குவரத்துக் காவல் துறையிடமும் நேரில் கொடுப்போம். ஒற்றுமையாக நின்று கேட்டால் கிடைக்கும்.