கட்டைப்பையைச் சுமப்பது யார்?

அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவில் காத்திருப்பவர்களைக் கவனித்தால் ஒன்று கண்ணில் படும். ஏறக்குறைய ஒவ்வொருவர் மடியிலும் ஜவுளிக்கடை கொடுத்த கட்டைப்பை ஒன்று இருக்கும். உள்ளே ஸ்கேன் படங்கள், சதைப் பரிசோதனை முடிவு, முதல் ஊரில் எழுதிக் கொடுத்த ஓ.பி. சீட்டு, அதை மறுத்து இரண்டாவது ஊரில் எழுதிய சீட்டு, காப்பீட்டு அட்டையின் நகல்கள். மருத்துவமனைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே பல நேரங்களில் அந்தப் பையைத் தவிர வேறு தொடர்பு இல்லை. அதைச் சுமப்பவர் நோயாளி. அல்லது அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூட வந்திருக்கும் மகள். அந்தப் பையை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வது அரசின் கடமை. அதை இனியும் தள்ளிப்போட முடியாது.

வசதி இல்லாத மாநிலத்தைப் பற்றி நாம் பேசவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மூன்றே ஆண்டுகளில் அங்கே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்துவிட்டது. புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளில் லீனியர் ஆக்சிலரேட்டர் எனும் நவீனக் கதிர்வீச்சுக் கருவிகள் நிறுவப்பட்டிருக்கின்றன. ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கைகொடுக்கிறது. மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பரிசோதனை, ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2023இல் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்திருக்கிறது. கட்டடம் உண்டு, கருவி உண்டு, காசும் ஓரளவு உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் வழி மட்டும் நோயாளியின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

மற்ற பல நோய்களைப் போல ஒரே மருத்துவமனையில் தொடங்கி அங்கேயே முடிவதில்லை புற்றுநோய். மார்பில் ஒரு கட்டி என்றால், அதை முதலில் தொட்டுப் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர். மேமோகிராம் எடுக்கும் இடம் வேறு. திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் நிபுணர் இருக்கும் இடம் வேறு. அந்தத் திசுவில் ஹார்மோன் ஏற்பிகள் உண்டா என்று சொல்லும் ஆய்வகம் இன்னும் வேறு. இத்தனை முடிவுகளும் ஒரே மேசைக்கு வந்த பிறகுதான் எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்க முடியும். கட்டி பெரிதாக இருந்தால் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை செய்வதே பல வேளைகளில் சரியான வரிசை. “சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்” என்று யாரோ அவசரமாகக் கத்தி வைத்துவிட்டால், பின்னால் வருகிற மருத்துவர்கள் எல்லோரும் அந்தத் தவறைச் சுற்றித்தான் சிகிச்சையைத் திட்டமிட வேண்டியிருக்கும். ரத்தப்போக்கு என்று வந்த பெண்ணுக்கு, கருப்பைவாயைச் சோதிக்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, அதன்பின் வந்த பரிசோதனை முடிவில் புற்றுநோயைப் பார்த்துத் திகைப்பதும் மருத்துவர்கள் நன்கறிந்த சோகம்.

வரிசையைப் போலவே நாள் கணக்கும் முக்கியம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு சுமார் ஐந்து வாரம். அதையொட்டி உடலுக்குள்ளேயே கருவியை வைத்துத் தரும் உள்கதிர்வீச்சு. ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் இந்த இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நாள் நீள நீள நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட விதி. இனி, வெளிக்கதிர்வீச்சை ஓர் ஊரில் முடித்துவிட்டு, உள்கதிர்வீச்சுக்கு இன்னோர் ஊருக்கு அனுப்பப்படும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். புது ஊரில் மறுபடி ஓ.பி. சீட்டு, மறுபடி ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு ஒப்புதலுக்கு மறுபடி காத்திருப்பு. இரண்டு மருத்துவமனைகளும் தத்தம் வேலையைக் குறைவில்லாமல்தான் செய்திருக்கும். எட்டு வாரம் மட்டும் பத்து வாரம் ஆகியிருக்கும். யாரிடம் போய் இதைக் கேட்பது? அந்த இரண்டு வாரம் எந்த மருத்துவமனையின் கணக்கிலும் இல்லை.

இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. ஏழு வகைப் புற்றுநோய்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் பெரும்பாலும் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுவதாகக் கணித்தது. உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்திருக்கும் மூன்று இலக்குகளும் தொடர்ச்சியைப் பற்றியவையே: 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு முதல் இரண்டு நிலைகளிலேயே நோயைக் கண்டுபிடிப்பது, மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையை இடையில் விடாமல் முடிப்பது. புதிய கருவி வாங்குவதால் மட்டும் இந்த மூன்றில் எதையும் எட்டிவிட முடியாது.

குறை எங்கே இருக்கிறது? முதலாவது, பொறுப்பில். நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்திட்டதும் அனுப்பியவரின் கடமை முடிந்துவிடுகிறது. நோயாளி வந்து சேரும் வரை ஏற்பவரின் கடமை தொடங்குவதில்லை. நடுவில் பேருந்து நிலையத்தில் நிற்கும் மனிதர் யாருக்கும் சொந்தமில்லாதவர். இரண்டாவது, பணம் போகும் விதத்தில். அறுவைக்கு இவ்வளவு, கீமோ சுற்றுக்கு இவ்வளவு, கதிர்வீச்சுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் காப்பீடு பணம் தருகிறது. எல்லாம் உரிய வரிசையில், உரிய நாளில் முடிந்ததா என்று பார்ப்பதற்கு எந்தத் தலைப்பிலும் பணமில்லை. பணமில்லாத வேலையைச் செய்ய ஆளும் இருக்காது.

இதைச் சரிசெய்ய வெளிநாட்டுக்குப் போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. மாரடைப்பில் தமிழகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளில் இ.சி.ஜி. எடுத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இதயக்குழாய்ச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு, நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. எந்த மருத்துவமனை எதைச் செய்யும், எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் ஒப்படைக்கும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டதன் பலன் அது. சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டமும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். முதல் 48 மணி நேரம் யார் பொறுப்பு, யார் செலவு என்ற கேள்விக்கு அரசு முன்பே விடை சொல்லி வைத்தது. மணிக்கணக்கில் கொல்லும் நோய்க்கு வலைப்பின்னல் கட்டத் தெரிந்த மாநிலத்துக்கு, மாதக்கணக்கில் கொல்லும் நோய்க்கும் கட்டத் தெரியும்.

செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, நோய் உறுதியான அன்றே ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணும் ஒரு தாய் மருத்துவமனையும் ஒதுக்கப்பட வேண்டும். சிகிச்சை எங்கே நடந்தாலும் அது முடியும் வரை பொறுப்பு அந்தத் தாய் மருத்துவமனையுடையது. அறிக்கைகளும் படங்களும் அந்த எண்ணில் எல்லா மருத்துவமனைகளுக்கும் தெரிய வேண்டும். இரண்டு, கத்தியோ கீமோவோ தொடங்கும் முன் அறுவை, கீமோ, கதிர்வீச்சு, நோயியல் நிபுணர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் ட்யூமர் போர்டு கட்டாயமாக வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இந்த வழக்கம் இருக்கிறது. காணொளி வழியாக மாவட்டத் தலைமை மருத்துவமனை மருத்துவரும் அதில் அமர முடிய வேண்டும். டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2012இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, தூரத்து மருத்துவமனைகளை இவ்வாறு இணைக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. மூன்று, முதல் சந்தேகத்திலிருந்து நோய் உறுதியாகும் வரை எத்தனை நாள், அங்கிருந்து சிகிச்சை தொடங்க எத்தனை நாள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதை மருத்துவமனை வாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். நான்கு, சிகிச்சையைக் காலத்தோடு முடித்துவைக்கும் மருத்துவமனைக்குக் காப்பீட்டில் தனித்தொகை தர வேண்டும்.

இவற்றையெல்லாம் நடத்திவைக்க ஓர் ஆள் வேண்டும். டாடா நினைவு மருத்துவமனை, டாடா சமூக அறிவியல் கழகத்தோடு சேர்ந்து, நோயாளிக்கு வழிகாட்டுவதையே தொழிலாகக் கற்பிக்கும் ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. அதற்கு வைத்த பெயர் ‘கேவட்’. வட இந்திய வழக்கில் ராமனைக் கங்கை கடத்திய படகோட்டி. நமக்குக் குகன் நினைவுக்கு வருவான். கரையில் நின்று வழி சொல்வதோடு நில்லாமல் கூட வந்து கரையேற்றுகிறவர்தான் தேவை. நூறு புது நோயாளிக்கு ஒருவர் என்று வைத்தாலும், ஒரு கதிர்வீச்சுக் கருவிக்குக் கொடுக்கும் கோடிகளோடு ஒப்பிட்டால் இவர்களின் சம்பளம் சிறு தொகை.

மறுப்புகள் வரும். ஏற்கெனவே ஓ.பி.யில் மூச்சுத் திணறும் மருத்துவர்களுக்கு இன்னொரு கூட்டமா என்று கேட்பார்கள். பாதிச் சிகிச்சையோடு நோய் முற்றித் திரும்பி வருகிறவரும் அதே மருத்துவரின் ஓ.பி.யில்தான் நிற்கிறார், முதலிலேயே சரியாகத் திட்டமிட்டால் சுமை குறையும். நாள் இலக்கு வைத்த இங்கிலாந்து, பரிந்துரைத்த 62 நாளுக்குள் சிகிச்சை என்ற தன் இலக்கைப் பல ஆண்டுகளாக எட்டவில்லையே என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆளும் கருவியும் போதாத இடத்தில் இலக்கு மட்டும் நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அந்த நாட்டில் தாமதம் எத்தனை நாள், எந்த மருத்துவமனையில் என்பது ஊருக்குத் தெரியும். நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். நம் ஊரில் தாமதம் நோயாளியின் வீட்டுக்குள்ளேயே புதைந்துபோகிறது. அந்தரங்கம் பற்றிய கவலை நியாயமானது. யார் கோப்பைத் திறந்தார்கள் என்ற பதிவும், நோயாளியின் ஒப்புதலும் இருந்தால் அதற்கு வழி உண்டு. பேருந்து இருக்கையில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கும்படி திறந்து கிடக்கும் பையைவிட அது பாதுகாப்பானதே.

வலைப்பின்னல் அரசு மருத்துவமனைகளோடு நின்றுவிடவும் கூடாது. அடையாறும் வேலூர் சி.எம்.சி.யும் காப்பீட்டில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் அதில் வர வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தவருக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சென்னையைவிடப் பக்கம். அங்கே போகிறவரின் கோப்பும் களியக்காவிளையைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வழி வேண்டும். நோய்க்கு மாநில எல்லை தெரியாது என்று மேடையில் சொல்வது எளிது. இரண்டு சுகாதாரத் துறைகள் ஒரு படிவத்தில் உடன்படுவதுதான் கடினமான, தேவையான வேலை.

சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும். குணமாகாதவருக்குக் கடைசிவரை வலியில்லா நாட்கள் வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வலிநிவாரணச் சிகிச்சைக்கு வீடுவரை செவிலியர் போகிறார். ஆனால் அந்தத் தெருவில் யாருக்கு எப்போது கதிர்வீச்சு முடிந்தது, யாருக்கு மார்ஃபின் தேவை என்று மருத்துவமனை அவருக்குச் சொன்னால்தானே போக முடியும்? மேலே உள்ள நிபுணரிலிருந்து கீழே உள்ள தன்னார்வலர் வரை ஒரே கோப்பைப் பார்ப்பதுதான் நாம் கேட்கும் வலைப்பின்னல்.

முகாம் போட்டுப் பெண்களை அழைத்துச் சோதிக்கிறோம். சந்தேகம் என்று சொல்லிவிட்டு, அடுத்து எங்கே, எந்தத் தேதியில், யாரிடம் என்று சொல்லாமல் அனுப்பினால், பயத்தை மட்டுமே கொடுத்தனுப்பியதாகும். ஆகவே பரிசோதனை முதலில் தொடங்கிய அந்த நான்கு மாவட்டங்களிலேயே இந்த ஏற்பாட்டை இந்த ஆண்டே தொடங்கட்டும். கிடைக்கும் நாள் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். பிறகு மாநிலத்துக்கு விரிக்கட்டும். நோயாளி மருத்துவமனைக்கு வரும் நாளில் அவர் கட்டைப்பையில் ஒரு மாற்றுத் துணியும் மதியச் சோறும் மட்டும் இருந்தால் போதும்.