ஆலோசகர் வேலையும் மதராசி கேம்பும்

தேர்வுக் காலம் நெருங்கினால் நம் விடுதிகளில் ஒரே பேச்சு: ஆலோசனை நிறுவனத்தில் வேலை! பௌதிகம் படித்தவரும் தாவரவியல் படித்தவரும் 'கன்சல்டன்ட்' ஆகவே துடிக்கிறார்கள். சம்பளம் பெரிது, மறுப்பதற்கில்லை. அத்தகைய நிறுவனம் ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சியாளனாக இருந்தவன் என்ற முறையில் சில சொல்ல விழைகிறேன்.

அங்கே அரைமணிக்கு அரைமணி கணக்கு எழுத வேண்டும், எந்த வாடிக்கையாளரின் பெயரில் உழைத்தோம் என்று. எந்த ஊரின் துயரமும் ஒரே ஸ்லைடில் நான்கு வரிகளில் அடங்கியாக வேண்டும். ஒரு நகரின் குடிசைப் பகுதியைப் பற்றி அறிக்கை எழுதினோம். போய்ப் பார்த்து வரலாமா என்று கேட்டேன். "ஒப்பந்தத்தில் அதற்குப் பணமில்லை, தம்பி" என்றார் மேலாளர். தமிழர்தாம்!

இது சிறு வாணிபம் அன்று. 2017 முதல் 2022 வரை மத்திய அமைச்சகங்கள் பதினாறு, ஐந்து பெரிய ஆலோசனை நிறுவனங்களுக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கின்றன.

போய்ப் பார்க்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்பீர்கள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் கரையில் இருந்த மதராசி கேம்பை நினையுங்கள். வடிகால் அடைபட்டது உண்மை. தூர்வார வேண்டியதும் உண்மை. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று நம்மவர் வீடுகள் ஏறத்தாழ 370 இடிக்கப்பட்டன. அது ஆலோசகர்கள் எடுத்த முடிவு என்று நான் சொல்லவில்லை. ஆனால், தகுதி உண்டெனப்பட்டவர்களுக்கு மாற்று வீடு எங்கே? நரேலாவில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி! இயன்றவரை 5 கிலோமீட்டருக்குள் வீடு தர வேண்டும் என்பது தில்லி அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை. எல்லோருக்கும் அந்த நரேலா வீடும் கிடைக்கவில்லை.

எங்கள் அறிக்கையின் பாணியில் இதை எழுதினால், 'இத்தனை குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது' என்று ஒரு வரி. பக்கத்தில் பச்சை நிறம். ஜங்புராவில் காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்கப் போகும் அம்மா நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? அதற்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. அவரிடம் நேரில் பேசியவனுக்குத்தான் அப்படியொரு கட்டம் தேவையென்றே தோன்றும்.

இவ்வாண்டும் அந்நிறுவனங்கள் நம் வளாகத்துக்கு வரும். தில்லியில் எத்தனை பெட்ரோல் பம்புகள் இருக்கும், கணக்கிடு என்பார்கள். கணக்கிட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்களும் ஒன்று கேளுங்கள்: "உங்கள் ஒப்பந்தத்தில் ஊரைப் போய்ப் பார்க்க எத்தனை நாள் ஒதுக்குகிறீர்கள்?" பதிலைக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.