யாரிடத்தில் குறையில்லை?

கலியாணப் பேச்சுத் தொடங்கியதும், "அந்தக் குடும்பத்திலே பரம்பரைக் குறை ஏதேனும் உண்டோ?" என்று காதோடு காதாக விசாரிப்பது நம்மவர் வழக்கம். தம் குடும்பத்தில் அப்படியொன்றும் இல்லையென்ற நம்பிக்கையுடனேயே எல்லாரும் கேட்கின்றனர். அந்த நம்பிக்கைதான் தவறு.

புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் மனிதனுக்கு ஏறத்தாழ 20,000 உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியுமாக வருவன. 185 பேருடைய பரம்பரைப் பொருளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2012இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. பரம்பரையலகைச் செயலிழக்கச் செய்யும் திரிபுகள் சராசரியாக ஒவ்வொருவரிடத்தும் நூறளவில் இருந்தன; ஏறக்குறைய இருபது அலகுகளில் இரு பிரதிகளுமே கெட்டிருந்தன! 2015இல் 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரை ஆராய்ந்தபோதும் எவரும் இதற்கு விலக்காகவில்லை. பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் அவருள் அடங்குவர்.

அப்படியாயின் நாம் எவ்வாறு உயிர் வாழ்கிறோம்? பெரும்பாலும் ஒரு பிரதி கெட்டாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். சில அலகுகளோ இல்லாவிடினும் பாதகமில்லை. 'ஓ' வகை இரத்தத்தையே பாருங்கள். செங்குருதிக் கலத்தின்மேல் ஒரு சர்க்கரையைப் பொருத்தும் நொதியத்துக்குரிய அலகில், பெரும்பாலும் ஒரேயோர் எழுத்து விடுபட்டமையால், நொதியம் பயனற்றுப் போனது. இரு பிரதிகளும் இவ்வாறு கெட்டவரே 'ஓ' வகையினர். தம் இரத்தம் யாவர்க்கும் உதவுமென்று பெருமை கொள்ளும் அன்பர்கள் இதுகேட்டு மனம் வருந்தற்க!

இன்றியமையாத ஓர் அலகு இரு பிரதிகளிலும் கெடும்போதே துன்பம் விளைகிறது. கடுமையான தலசீமியா அத்தகையது. தாயும் தந்தையும் நலமாகவே காணப்படுவர்; ஆயினும் இருவரும் அக்குறையைக் காவுவோராயின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இத்தகைய பிள்ளையைப் பெற்ற மருமகளை, "உன் வீட்டு இரத்தம்" என்று மாமியார் ஏசியதை நான் நேரிற் கேட்டிருக்கிறேன். அவருடைய மகனும் ஒரு பிரதி கொடுத்திராவிடில் அந்த நோய் வந்திராது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சொந்த மச்சானும் மச்சாளும் பரம்பரையலகுகளிற் சராசரியாக எட்டிலொரு பங்கைப் பொதுவாக உடையவர். ஆதலால் ஒரே குறை இருவரிடத்தும் இருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். தலசீமியாவைப் பொறுத்தவரை, அதனை இரத்தப் பரிசோதனை மூலம் அறியலாம். சாதகக் குறிப்புக் கேட்கும்போது அதனையும் சேர்த்துக் கேட்கலாமே!